படகை எண்ணும் கரையில் வயலை யார் எண்ணுவது?

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வந்துவிட்டது என்ற பேச்சு ஊருக்குள் கிளம்பினால் முதலில் கூட்டம் சேருவது கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில்தான். சில ஊர்களில் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள், பல ஊர்களில் ஒட்டுவதே இல்லை. ஒட்டிய ஊரிலும் நடப்பது ஒன்றுதான். எல்லோரும் தங்கள் பெயரைத் தேடுவார்கள், பிறகு பக்கத்து நிலத்துக்காரர் பெயரைத் தேடுவார்கள், அவருக்கு வந்த தொகையைப் பார்த்ததும் சத்தம் தொடங்கும். "எனக்கும் அவருக்கும் வரப்புதான் இடையில், அவருக்கு எப்படி இவ்வளவு?" என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருக்காது. அதில் வரிசை எண், பெயர், தந்தை பெயர், வங்கி, தொகை எல்லாம் உண்டு. சர்வே எண் இருக்காது. எத்தனை ஏக்கருக்கு, எந்தப் பயிருக்கு என்பதும் இருக்காது. ஒரே ஊரில் நாலைந்து காளிமுத்து இருக்கும் சீமையில், தந்தை பெயரும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், அந்தப் பணம் யாருக்குப் போனது என்று ஊரே கூடி நின்றாலும் சொல்ல முடியாது.

"பயனாளிகள் பட்டியலை வெளியிடு" என்பது எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் பல ஆண்டுகளாகக் கேட்கும் குரல். நியாயமான குரல்தான். ஆனால் அந்தக் கோரிக்கையை அப்படியே நிறைவேற்றினாலும் பாதி வேலைதான் முடியும் என்பது என் எண்ணம். பெயர்ப் பட்டியல் தனியாக எதையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவராது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வரப்பில் நடந்து போய், "இந்தத் துண்டு, இந்தப் பயிர், இவர் பெயர்" என்று ஒத்துப் பார்க்க முடிய வேண்டும். அதுவும் பயிர் நிலத்தில் நிற்கும்போதே முடிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வெளிப்படைத்தன்மையால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குக் காட்டியது.

ஐந்தரை லட்சம் பேர், தலைக்கு இரண்டாயிரம்

பிஎம் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்குக்கு. இடையில் ஆள் இல்லை, ஆகவே முறைகேட்டுக்கு இடமில்லை என்றுதான் எல்லோரும் நம்பினோம். விண்ணப்பதாரரே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியும் வந்தது. பதிவை ஏற்றுக்கொள்ள வேண்டியது வட்டார அளவில் உள்ள வேளாண் அலுவலரின் கடவுச்சொல்.

2020 ஊரடங்குக் காலத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட பல மாவட்டங்களில் அந்தக் கடவுச்சொல் கைமாறியது. ஒப்பந்தப் பணியாளர்களும் கணினி மையத்துக்காரர்களும் தரகர்களும் ஊர் ஊராகப் போய், கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் வாங்கினார்கள். சென்ட் நிலம் இல்லாதவர்கள் விவசாயிகள் ஆனார்கள். ஆகஸ்டில் விஷயம் வெடித்தபோது அரசு சொன்ன கணக்கு: தகுதியில்லாதவர்கள் ஏறக்குறைய 5.5 லட்சம் பேர், போன பணம் ஏறக்குறைய 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரணை வந்தது, ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், அலுவலர்கள் பணியிடைநீக்கம் ஆனார்கள், கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். 110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 2,000. ஒரே ஒரு தவணைப் பணம்.

இந்தக் கதையில் எல்லோரும் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் திறந்தே கிடந்தது. மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று ஐந்து பெட்டிகளை நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த ஊரின் பெயர்கள் வரிசையாக வரும். இந்தியாவில் இவ்வளவு வெளிப்படையாக வைக்கப்பட்ட மானியப் பட்டியல்கள் குறைவு. அந்தப் பட்டியலுக்குள்ளேயே நிலமில்லாத லட்சக்கணக்கானவர்கள் ஏறினார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், ஊருக்குள் யாரும் சத்தமாகப் படித்துக் காட்டாமல் கிடந்த பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சர்வே எண் இருந்திருந்தால், ஏற்றுகிறவனுக்கு ஐந்தரை லட்சம் பொய்ச் சர்வே எண்கள் தேவைப்பட்டிருக்கும். அந்த எண்ணின் உண்மையான பட்டாதாரர் ஊரில்தான் இருப்பார், முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார்.

தடைக்காலத்தில் ஒரு நாள்

இதே மாவட்டத்தின் கடற்கரைக்கு வாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எல்லாத் துறையிலும் படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் ஒரு நாளைக் குறித்து மீன்வளத் துறை அலுவலர்கள் குழு குழுவாகப் பிரிந்து, ஒரே நாளில் எல்லா விசைப்படகுகளையும் நேரில் பார்ப்பார்கள். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், எஞ்சின் எண், குதிரைத்திறன், படகின் நீளம், முகப்பில் எழுதிய ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவெண் எல்லாம் ஒத்துப் பார்க்கப்படும். வேறு மாவட்டத்திலிருந்து வந்த அலுவலர்களும் குழுவில் இருப்பது உண்டு. ஆய்வுக்குக் காட்டாத படகுக்கு மானிய டீசல் நிற்கும் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும்.

ஏன் ஒரே நாள்? இரண்டு நாள் ஆனால் இங்கே காட்டிய படகையே ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த துறைக்கு ஓட்டிக் கொண்டுபோய் வேறு எண்ணில் காட்டலாம். ஏன் தடைக்காலம்? மற்ற நாட்களில் படகு கடலில் இருக்கும், "கடலுக்குப் போயிருக்கு" என்ற ஒரு வார்த்தையில் இல்லாத படகும் இருப்பதாகிவிடும். பொருள் நகராத நேரத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரே மூச்சில் எண்ணுவது. விற்பனை வரி விலக்குள்ள டீசல் விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அதை 19,000 லிட்டர் ஆக்குவதாக அறிவித்தார். அந்த அளவு எரிபொருள் ஒரு எண்ணின் பெயரில் போகும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் மரமும் எஞ்சினும் உள்ள படகு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டிலும் குறை உண்டு. படகு இருப்பது உறுதியானாலும் டீசல் முழுவதும் அந்தப் படகில்தான் எரிந்தது என்பது உறுதியாகாது. இருந்தாலும் இல்லாத படகுக்கு மானியம் வாங்குவதை இந்த ஒரு நாள் கடினமாக்கிவிடுகிறது. பார்க்கிறவர்களில் பக்கத்துப் படகுக்காரர்களும் இருப்பதுதான் இதன் பலம்.

கடலுக்கு இது முடிகிறது. நகரவே நகராத வயலுக்கு ஏன் முடியவில்லை?

அடங்கலில் ஏறும் பயிர்

வயலை எண்ணும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் மாதந்தோறும் பயிராய்வு செய்து, ஒவ்வொரு சர்வே உட்பிரிவிலும் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்று எழுத வேண்டிய கிராமக் கணக்கு எண் 2தான் அடங்கல். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி. பசலி முடியும் நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது அந்தக் கணக்குகள் தணிக்கை ஆகும். நூறாண்டுக்கு மேல் பழக்கமான, நல்ல ஏற்பாடு.

கெடுவது எங்கே என்றால் நவம்பரில். சம்பா நெல்லுக்குக் காப்பீடு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் செப்டம்பரிலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மானாவாரி நெல் அதிகம். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 827 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. மழை பிந்தினால் நவம்பர் முதல் வாரத்தில் பல வயல்களில் முளைப்பு சீராக இருக்காது. அதே வாரத்தில்தான் ஊரே அடங்கலுக்கோ விதைப்புச் சான்றுக்கோ வந்து நிற்கும். இரண்டு கிராமத்தைச் சேர்த்துப் பார்க்கும் ஓர் அலுவலர் பத்து நாளில் நூற்றுக்கணக்கான சான்று எழுத வேண்டியிருந்தால் வயலுக்குப் போய்ப் பார்த்து எழுத மாட்டார். போன பசலியைப் பார்த்து எழுதுவார், அல்லது கேட்பவர் சொல்வதை எழுதுவார். சீமைக்கருவேல் மண்டிப் பத்து வருடம் ஏர் பார்க்காத துண்டும் நெல் என்று ஏறுவது இந்த வாரத்தில்தான். கூட்டுப் பட்டாவில் உள்ள ஒரே சர்வே எண்ணை அண்ணன் கூட்டுறவுச் சங்கத்திலும் தம்பி பொதுச் சேவை மையத்திலும் பதிவதும் இதே வாரத்தில்தான்.

இதில் பாதிக்கப்படுவது அரசுப் பணம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்பீட்டு விதிகளில் பரப்புத் திருத்தக் காரணி என்று ஒன்று இருக்கிறது. ஒரு கிராமத்தில் காப்பீடு செய்த பரப்பு உண்மையில் விதைத்த பரப்பைவிட அதிகமாக இருந்தால், அந்த விகிதத்தில் எல்லோருடைய காப்பீட்டுத் தொகையையும் குறைக்க விதியில் இடம் உண்டு. விதைத்தது 800 ஹெக்டேர், காப்பீடு ஆனது 1,000 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணி 0.8. நேர்மையாக விதைத்து, நேர்மையாகப் பணம் கட்டி, பயிரும் காய்ந்துபோன ஒருவருக்கு 10,000 வர வேண்டிய இடத்தில் 8,000 வரும். ஏன் குறைந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பொய்யாக ஏறிய ஒவ்வொரு ஏக்கரும் பக்கத்து வரப்புக்காரர் மடியிலிருந்து எடுக்கும் பணம். பட்டியல் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இதன் மறுபக்கம் குத்தகைக்காரர்கள். பிஎம் கிசானில் நில உரிமை உள்ளவருக்குத்தான் பணம். பங்கு வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவருக்கு இடமே இல்லை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது, ஆனால் காகிதம் வேண்டும். நம் பக்கத்தில் குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. பட்டாதாரர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார், அவர் பெயரில் காப்பீடு ஏறும், இழப்பீடு அவர் கணக்கில் விழும். உழுதவர் கேட்டால் கொஞ்சம் அனுப்புவார், அல்லது அனுப்ப மாட்டார். சட்டப்படி இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலில் 'உரிமையாளர்', 'சாகுபடியாளர்' என்று இரண்டு கட்டங்கள் இருந்து, இரண்டாவது கட்டம் வரிசையாகக் காலியாகக் கிடப்பதை ஊர் பார்த்தால், அந்தக் காலியிடமே ஒரு செய்தி.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கி, உட்பிரிவு வாரியாக அந்த இடத்திலேயே படம் எடுத்து மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. மாணவர்களை இப்படி அலையவிட்டது சரியா என்ற வாதம் எழுந்தது, அது நியாயமான வாதம். ஆனால் வயலை நேரில் எண்ணுவது என்ற அடிப்படை சரியானதே. இதற்குப் பிறகு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண்ணும் வந்துவிட்டது, நில விவரத்தோடு இணைத்து. எண்ணும் வேலை மெல்ல நடக்கிறது. எண்ணியது ஊருக்குத் திரும்பி வந்து, "உன் துண்டில் இதைத்தான் பார்த்தோம்" என்று காட்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை.

ஐந்துக்கு ஐந்து

யாருக்குக் கிடைத்தது என்ற கேள்வியோடு எவ்வளவு, எப்படி வந்தது என்பதும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இழப்பைக் கணக்கிட நெல்லுக்கு வருவாய்க் கிராமம் ஒரு அலகு. அந்தக் கிராமத்தில் நான்கு வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து கொடுத்த எண்ணிக்கைக்குத் தப்படி நடந்து, அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டுவார்கள். நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிய பிறகு மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். 7.07 மீட்டர் இருந்தால்தான் அது சதுரம். கயிற்றின் மேல் நிற்கும் குத்து பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேரும், இல்லாவிட்டால் சேராது. அறுத்து, தார்ப்பாய் விரித்து அடித்து, தூற்றி, எடை போட்டு, ஈரத்துக்குக் கழித்து, 400 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கிராமத்தின் உத்தரவாத மகசூல், அதாவது கடைசி ஏழு ஆண்டில் நல்ல ஐந்தாண்டுச் சராசரியை ஈட்டு விகிதத்தால் (அந்தச் சராசரியில் எத்தனை சதவீதத்துக்குக் காப்பு என்ற அளவால்) பெருக்கி வருவது, 1,600 கிலோ என்று வைப்போம். நான்கு கட்டங்களின் சராசரி 2.5 கிலோ வந்தால் மகசூல் 1,000 கிலோ. இழப்பு 37.5%. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 20,000 ரூபாய் என்றால் இழப்பீடு 7,500. இப்போது அதே கட்டங்களின் சராசரி கால் கிலோ கூடி 2.75 ஆனால் மகசூல் 1,100, இழப்பு 31.25%, இழப்பீடு 6,250. தராசில் கால் கிலோ, ஊர் முழுக்க ஏக்கருக்கு 1,250 ரூபாய். கால் கிலோ எங்கிருந்தும் வரும். தார்ப்பாய் சிறியதாக இருந்து மணி தெறித்தால் குறையும், தூற்றாமல் பதரோடு நிறுத்தால் கூடும், 5 மீட்டர் கயிறு இழுபட்டு 5.20 ஆனால் பரப்பு 8% கூடிவிடும். ஆகவே எந்த நாளில், எந்த சர்வே எண்ணில், யார் முன்னிலையில், எத்தனை கிலோ என்ற நான்கு வரியை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போட வேண்டும். அறுவடைச் சோதனைக்கு விவசாயிகளைக் கூப்பிடுவது யாரோ செய்யும் உபகாரமாக இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கிலிருந்து பட்டியலைச் சோதிக்க எளிய வழி ஒன்றும் கிடைக்கிறது. ஒரே கிராமம், ஒரே பயிர் என்றால் எல்லோருக்கும் ஏக்கருக்கு ஒரே தொகைதான் வர வேண்டும். வந்த தொகையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 2 ஏக்கர் 40 சென்ட் வைத்திருப்பவருக்கு 18,000. வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ளவருக்கும் ஏக்கருக்கு 7,500 என்றே வகுபட வேண்டும். வகுபடாவிட்டால், ஒன்று அவர் நிலம் பக்கத்து வருவாய்க் கிராமக் கணக்கில் இருக்கிறது, அல்லது பரப்பு தவறாக ஏறியிருக்கிறது, அல்லது பயிர் வேறு. சுவரில் ஒட்டிய பட்டியலில் பரப்பு என்ற ஒரு கட்டம் இருந்தால் சங்க வாசலில் நடக்கும் சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிர்க் காப்பீட்டில் விவசாயிக்கு வருவது இழப்பீடு. மானியம் போவது பிரீமியமாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5%, அதாவது 20,000க்கு 300 ரூபாய். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளின் பணம். மானாவாரிப் பகுதியில் பிரீமியம் விகிதம் 30% வரைதான் மத்திய அரசு தன் பங்கைத் தரும் என்று 2020 காரீப் பருவத்திலிருந்து வரம்பும் வந்தது. ஆகவே மானியம் பெற்றவர் யார் என்று எழுதும் தாளில் கிராமத்துப் பெயர்களுக்கு மேலே, இந்த வட்டத்துக்காக எந்த நிறுவனம் எவ்வளவு பிரீமியம் வாங்கியது, எவ்வளவு திருப்பித் தந்தது என்ற இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.

எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது

பெயரைப் போட்டால் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். லேசாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. ஐரோப்பாவில் வேளாண் மானியம் பெற்ற தனிநபர்களின் பெயர்களை மொத்தமாக வெளியிட்டது சரியல்ல என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2013இல் புது விதி வந்தது. ஏறக்குறைய 1,250 யூரோவுக்குக் கீழே வாங்கும் சிறு விவசாயியின் பெயர் மறைக்கப்படும், அதற்கு மேல் வாங்குபவர் பெயர் வெளியாகும். அங்கே அது பொருந்தும், ஏனென்றால் அங்கே கேள்வி பெரிய பண்ணைகள் கோடிகளை அள்ளுவதைப் பற்றியது. இங்கே நடந்தது தலைக்கு இரண்டாயிரம். சிறிய தொகையை மறைத்தால் 2020 போன்ற ஒன்று முழுவதுமாக மறைந்துவிடும்.

நம் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தந்த 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசகம் முன்பு இருந்தது. 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. இது பெரிய இழப்பு. ஆனாலும் 8(2) பிரிவு இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால் தரலாம் என்று அது இன்றும் சொல்கிறது. 4ஆவது பிரிவின் கட்டளையும் அப்படியே இருக்கிறது. மறுக்கும் அலுவலருக்குப் பதில் எழுதும்போது இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எதைக் காட்டக் கூடாது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் மூன்றும் சுவரில் ஏறவே கூடாது. பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் போலிச் செயலியை அனுப்பிக் கணக்கைத் துடைக்கும் கும்பலுக்கு, பெயரும் கைபேசி எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒரு பரிசு. பயிர்க்கடன் பாக்கி எவ்வளவு என்பதும் ஊருக்குத் தேவையில்லை. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், சர்வே எண் உட்பிரிவோடு, பரப்பு, பயிர், உரிமையாளரா சாகுபடியாளரா, பதிவு செய்த இடம், தொகை. இந்த எட்டுக் கட்டம் போதும், தமிழில்.

கேட்கும் முறை

பட்டியல் தானாக வராத ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதலாம். பெரும்பாலான மனுக்கள் தோற்பது கேட்கும் விதத்தில். "மாவட்டத்தில் ஐந்தாண்டுப் பயனாளிகள் பட்டியல் முழுவதும்" என்று கேட்டால், அலுவலக வேலை கெடும் என்று 7(9) பிரிவைக் காட்டி ஒதுக்கிவிடுவார்கள். ஒரு வருவாய்க் கிராமம், ஒரு பசலி, ஒரு பயிர் என்று கேளுங்கள். காப்பீட்டுப் பட்டியலுக்கு வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர், அடங்கலுக்கு வட்டாட்சியர் அலுவலகம் என்று இரண்டு தனி மனு. இரண்டும் கைக்கு வந்தால்தான் ஒத்துப் பார்க்க முடியும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திடம் நேரடியாகக் கேட்டால், தலப்பலம் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி, கூட்டுறவுச் சங்கம் இந்தச் சட்டத்தின் கீழ் வராது என்பார்கள். அந்தத் தீர்ப்பே, பதிவாளர் சட்டப்படி வாங்கக் கூடிய தகவலைப் பதிவாளரிடம் கேட்கலாம் என்கிறது. ஆகவே மனுவைக் கூட்டுறவு இணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனம் என்றாலும் இதே வழிதான், வேளாண் துறை மூலமாக. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் அதிகம் என்று இழுத்தால் நகல் வேண்டாம், பதிவேட்டை நேரில் பார்க்கிறேன் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. கிராமத்தை அறிந்த இருவர் போனால் ஒரு மணி நேரத்தில் ஒரு கிராமத்தைப் பார்த்துவிடலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஆனால் இந்த வழியில் உண்மை தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும் என்பதுதான் என் பெரிய கவலை. நவம்பர் 15 அன்று காப்பீட்டுப் பதிவு முடிகிறது. ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை. இடையில் பத்து வாரம். உட்பிரிவு வாரியாகப் பட்டியல் அச்சடிக்க இந்தக் காலம் தாராளம், ஏனென்றால் தரவு முழுவதும் ஏற்கெனவே கணினியில்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடத்தி, வருகைப் பதிவேட்டைக் கிராம சபையில் வைத்துப் பழகிய ஊர்கள்தான் இவை. செத்துப்போனவர் பெயரில் கூலி எடுத்ததை ஊரார் எழுந்து நின்று சொன்னது அந்தக் கூட்டங்களில்தான். அதே மேடையில் காப்பீட்டுப் பட்டியலையும் படிக்கலாம். "சர்வே எண் 112, உட்பிரிவு 3, 1 ஏக்கர் 15 சென்ட், நெல்" என்று ஒருவர் படிக்க, கூட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தத் துண்டு கண்ணில் வரும். அங்கே நெல் நிற்கிறதா கருவேல் நிற்கிறதா என்று அவர்களுக்குத் தெரியும். சந்தேகம் என்றால் கூட்டம் முடிந்ததும் நாலு பேர் நடந்து போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ஜனவரி கடைசியில் சம்பா இன்னும் பல வயல்களில் நின்றுகொண்டிருக்கும்.

பிப்ரவரியில் அறுவடை இயந்திரங்கள் ஊருக்குள் இறங்கிவிடும். மார்ச்சில் தாள் காய்ந்து ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இழப்பீட்டுப் பட்டியல் வருவது அதற்கும் பல மாதம் கழித்து, உழுத வயலும் உழாத வயலும் வெயிலில் ஒரே நிறமாகக் கிடக்கும்போது.